ஐந்தாம் கட்டத்துப் பொட்டு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒத்திகையில் இன்று ரத்தம். என்னுடையதுதான்.

மூன்றாவது பாட்டின் நடுவில் இசக்கி ட்ரம்ஸை நிறுத்திவிட்டான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "யக்கா, கிட்டார்லாம் ரத்தம்" என்றான். குனிந்து பார்த்தால் இடது கை மோதிர விரல் நுனி கிழிந்து, கிட்டாரின் கழுத்து முழுக்கச் சிவப்பு. கம்பிகளில் இழுபட்டு, பூசினமாதிரி.

ஐந்தாம் கட்டத்துப் பொட்டின் வேலை இது. கிட்டாரின் கழுத்தில் விரல் போகிற இடம் தெரிய, குறுக்குப் பட்டைகளுக்கு நடுவே இருக்கிற சில கட்டங்களில் வெள்ளைச் சிப்பியில் சின்ன வட்டமாகப் பதித்திருப்பார்கள். நான் அதைப் பொட்டு என்றுதான் சொல்வேன். சட்டைப் பொத்தானில் பாதி அளவு இருக்கும். ஐந்தாம் கட்டத்துப் பொட்டு பசை விட்டு ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கிறது. தடவினால் பிளேடு.

எங்கள் குழுவில் பாடுகிற மும்தாஜ் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டாள். "இவ்வளவு கிழிஞ்சிருக்கு, வலிக்கலியா?" என்று கேட்டாள். பாட்டில் இருந்தேன், தெரியவில்லை என்றேன். அது உண்மை. பாட்டில் இருந்தால் எனக்கு எதுவும் தெரியாது.

குணசீலன் அண்ணன் கீபோர்டிலிருந்து எழுந்துகூட வரவில்லை. குழு அவருடையது. பதினோரு வருடமாக அவரோடு வாசிக்கிறேன். "செப்டம்பர் எட்டு மாதா கோயில் திருவிழா கச்சேரி. அதுக்குள்ள கிட்டாரைச் சரி பண்ணிருங்க பிரிஸ்கில்லா" என்றார். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் ரத்தத்தைத் துடைத்தேன். ஈட்டி மரம் என்பதால் கறை தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலை பார்க்கிற அச்சகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஜங்ஷனில் இருக்கிற இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நகத்தால் பொட்டை நெம்பிப் பார்த்தார். "இதைப் பிடுங்கிப் போட்டுட்டு கறுப்பு மெழுகை வச்சு அடைச்சிரலாம்மா. ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியும்லா" என்றேன்.

"நீங்க என்ன, பாத்தா வாசிக்கீங்க?"

பார்த்து வாசிப்பதில்லைதான். ஆனாலும் பிடுங்குவதற்கு நான் சம்மதிக்கவில்லை. கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் சூப்பர் க்ளூ ஒன்று, தக்காளி, புளி.

ஆகஸ்ட் 6, புதன்

கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கினேன். பிளேடு முனையால் பொட்டை எடுத்தேன். சுலபமாகவே வந்துவிட்டது. குழியில் இரண்டு சொட்டு விட்டுப் பொட்டைத் திரும்ப வைத்து மோதிர விரலால் அழுத்திப் பிடித்தேன். பசை அதிகம். விளிம்பில் பொங்கிக் கழுத்தில் வெள்ளையாகப் படர்ந்தது. கையை எடுத்தால் விரல் வரவில்லை. இழுத்தேன், வந்துவிட்டது. விரல் நுனித் தோல் மரத்திலேயே இருந்தது.

என் வீட்டுக்காரர் ரூபஸ் அப்போதுதான் வயரிங் வேலை முடித்து உள்ளே வந்தார். பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"எரியலியா பிரிசி?"

"எரியுது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எரிகிற முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மின்சாரத்தோடு வேலை பார்க்கிறவர். அப்புறம் என் இடது முழங்கைப் பக்கம் இருக்கிற தேமலைத் தொட்டார். போன வருடத்திலிருந்து அதற்கு ஏதேதோ களிம்பு போடுகிறேன். பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அதன் முனையால் தேமலில் லேசாகக் குத்தினார்.

"இது?"

"என்னது இது?"

"குத்துதேன்."

நான் சமையல் பார்க்கப் போய்விட்டேன். பொட்டு கோணலாக ஒட்டியிருக்கிறது. முன்னைவிட மோசம்.

ஆகஸ்ட் 9, சனி

ரூபஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தோல் டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். கண்ணை மூடச் சொன்னாள். பேனா முனை எங்கே தொடுகிறதோ அங்கே விரலை வைத்துக் காட்டுங்கள் என்றாள். வலது கையில் எல்லாவற்றையும் காட்டினேன். இடது கையில் சுண்டு விரல் பக்கம் வந்தபோது "ஆரம்பிங்க டாக்டர்" என்றேன். "ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சும்மா" என்றாள்.

முழங்கைக்குப் பின்னால் அழுத்தினாள். அங்கே ஒரு நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது. அதுதான் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகிறதாம்.

பிறகு நோயின் பெயரைச் சொன்னாள். நான்கு எழுத்து. இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு வருடம் மாத்திரை, இலவசம், முழுக்கக் குணமாகும் என்றாள். மாத்திரை தொடங்கிவிட்டால் அடுத்தவருக்குப் பரவாது என்றாள். தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம் என்று ரூபஸைப் பார்த்துச் சொன்னாள். நரம்பு வீக்கத்துக்கு வேறு மாத்திரை. விரல்களுக்கு உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். "வரலாம். வராமலும் போகலாம். சூடு, கூர்மை ரெண்டுலயும் ஜாக்கிரதையா இருங்க. என்ன வேலை பாக்கீங்க?"

"கிட்டார் வாசிக்கேன்."

பேனாவை மூடி வைத்தாள். "வாசிங்க. ஆனா வாசிச்சு முடிச்சதும் விரலைக் கண்ணால பாருங்க" என்றாள். நல்ல பெண்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. போர்வைகளைத் துவைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மாத்திரை தொடங்கியாயிற்று. முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. முன்பே சொல்லியிருந்தார்கள், பயப்படவில்லை.

ரூபஸ் மூன்று ராத்திரியாக ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார். அறையில் புழுக்கம் என்கிறார். அறையில்தான் ஃபேன் இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வீட்டில் இருக்கிற எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். எல்லோரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். ரூபஸ் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்கூல் பையன் மாதிரி நின்றார். ஒன்றும் இல்லை. பயமில்லாமல் இருங்கள், இதுவும் ஒரு கிருமிதான் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பேர் கோலம் அழிந்த தரையை ரொம்ப நேரம் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கி வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலாலும் நடு விரலாலும் மட்டும் வாசித்துப் பார்த்தேன். முதலில் கோழி கிளறினமாதிரி இருந்தது. பிறகு கொஞ்சம் மனிதச் சத்தம் வந்தது. அந்த இரண்டு விரல்களுக்கும் வேறு நரம்பு. அவை இன்னும் என் பக்கம்தான் இருக்கின்றன.

ஆகஸ்ட் 21, வியாழன்

குணசீலன் அண்ணன் போன் செய்தார். முதலில் உடம்பை விசாரித்தார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார். மழையே இல்லை.

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன் பிரிஸ்கில்லா. திருவிழாவுக்குத் தூத்துக்குடியில இருந்து ஒரு பையனைச் சொல்லியிருக்கேன்."

"கிட்டார் ஆயிரும் அண்ணே. திருவிழாவுக்கு முன்னாடி ரெடி பண்ணிருவேன்."

"கிட்டாரைச் சொல்லல."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சுகாதாரக்காரர் வந்தால் மூன்று தெருவுக்குத் தெரியும். "அப்ப எதைச் சொல்லுதீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "உங்களுக்கே தெரியும்லா" என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் மூன்று முறை சாப்பிட்டேன். நரம்பு வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை அகோரப் பசி எடுக்க வைக்கிறது. வருத்தப்படக்கூட விடாது போல.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று அதை ஒழுங்காகச் செய்தேன்.

ஹேர் டிரையரால் பொட்டைச் சூடுகாட்டிப் பசையை இளக்கினேன். சூட்டை வலது கையால்தான் பார்த்தேன். டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. பொட்டு கழன்றதும் குழியைப் பார்த்தேன். பழைய பசைத் தூள் அடியில் படிந்திருக்கிறது. அதன்மேல் வைத்தால் எந்தப் பொட்டும் தூக்கித்தான் நிற்கும். ஊசி முனையாலும் சின்ன உளியாலும் சுரண்டி மரம் தெரியும்வரை சுத்தம் செய்தேன். பொட்டின் அடிப்பக்கத்தையும் உப்புத் தாளில் தேய்த்தேன். இந்தத் தடவை இரண்டு டியூப்பைக் கலக்குகிற பசை. அது இறுக நேரம் எடுக்கும், திருத்த அவகாசம் கிடைக்கும்.

பொட்டை வைத்தாயிற்று. மரத்தோடு சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அதற்கு இத்தனை வருடம் என் மோதிர விரல்தான் கணக்கு. பழக்கத்தில் அதையே வைத்துவிட்டேன். மரமும் இல்லை, சிப்பியும் இல்லை. வலது கை முழுக்கப் பசை, இடது கையில் உணர்ச்சி இருக்கிற விரல்களிலும் பசை.

ரூபஸ் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு ஸ்விட்ச் போர்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வந்து இதைத் தடவிப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"எதை?"

"இந்தப் பொட்டை. தூக்கி நிக்கான்னு."

எழுந்து வந்தார். கிட்டாரைப் பார்த்தார். அந்தக் கழுத்தெல்லாம் அன்று ரத்தமாக இருந்ததை அவருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பசை காயுது" என்றேன்.

"கையில அழுக்கு."

"எதுக்கு ஹால்ல படுக்கீங்க?"

அதைக் கேட்க வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பசை காய்கிற அவசரத்தில் வந்துவிட்டது. அவர் புழுக்கம் என்று ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டார்.

"பயந்துட்டேன் பிரிசி."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு. டாக்டர் சொன்னது புரியுது. புரிஞ்சாலும் இருக்கு."

பொய் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். "பயந்துக்கிட்டே தடவுங்க. எனக்கு இப்ப விரல் வேணும்" என்றேன்.

உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை நீட்டி மெதுவாகத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார். "இந்தப் பக்கம் கொஞ்சம் மேடு" என்றார். அழுத்தினேன். "இன்னும்." அழுத்தினேன். "இப்ப சரி." மெழுகுத் தாளை வைத்து, மேலே ஒரு மரத்துண்டை வைத்து, ரப்பர் பேண்டால் கட்டினோம். கட்டும்போது அவர் விரல் என் விரல்மேல் இருந்ததாம். அவர்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் கட்டைப் பிரித்தேன். பொட்டு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் டேப் ஒட்டி மரத்தை மறைத்து, வழிந்து காய்ந்த பசையை நைசான உப்புத் தாளில் தேய்த்து எடுத்தேன். துணியில் ஒரு சொட்டு எண்ணெய். கம்பி ஏற்றிச் சுருதி சேர்த்தேன்.

பாய் சுருட்டி வைத்த இடத்தில் இருக்கிறது. நேற்று யாரும் அதை விரிக்கவில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

என்னைக் கூப்பிடாத ஒத்திகைக்குப் போனேன்.

மாடியில் அந்தப் பழைய டுடோரியல் அறை. தூத்துக்குடிப் பையன் என் இடத்தில் நின்று பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குணசீலன் அண்ணனின் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. மும்தாஜ் எழுந்தாள். இசக்கி எழவில்லை.

பையைத் திறக்காமல் நடுவில் நின்று சொன்னேன். பஸ்ஸில் வரும்போது வேறு மாதிரி சொல்ல நினைத்திருந்தேன். இப்படித்தான் வந்தது.

"எனக்குத் தொழுநோய். மருந்து சாப்பிடுதேன், யாருக்கும் பரவாது. மோதிர விரல்லயும் சுண்டு விரல்லயும் உணர்ச்சி இல்ல. அதான் அன்னைக்கு ரத்தம் வந்தது தெரியல. யாருக்காவது கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க. என் முதுகுக்குப் பின்னால கேக்காதீங்க."

எழுதிவிட்டேன் பார். நான்கு எழுத்து. ஒன்றும் ஆகவில்லை.

இசக்கிதான் முதலில் பேசினான். "மூச்சுல பரவும்னு சொல்லுதாங்களேக்கா?" அவன் நாற்காலி கொஞ்சம் பின்னால் போயிருந்தது.

"மருந்து எடுக்காதவங்ககிட்ட, ரொம்ப நாள் கூடவே இருந்தா வரலாம். என் வீட்டுக்காரரைச் சோதிச்சாச்சு, ஒண்ணும் இல்ல."

தலையாட்டினான். நாற்காலியை முன்னால் போடவில்லை. அவனுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. நான் கோபப்படவில்லை.

"திருவிழாக் கமிட்டி கேட்டா நான் என்ன பதில் சொல்ல?" என்றார் குணசீலன் அண்ணன்.

"என்கிட்ட அனுப்புங்க. நான் சொல்லுதேன்."

"விரல் இல்லாம எப்படி வாசிப்பீங்க?"

"விரல் இருக்கு. ரெண்டு போதும்."

வாசித்துக் காட்டச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானே பையைத் திறந்தேன். மும்தாஜ் எதுவும் கேட்காமல் தூத்துக்குடிப் பையனிடமிருந்து கேபிளை வாங்கி என்னிடம் கொடுத்தாள். எங்கள் குழு வழக்கமாகத் திணறுகிற ஒரு வேகமான இடையிசையை எடுத்தேன். ஐந்தாம் கட்டத்தில் தொடங்குவது. இரண்டு விரலில் வாசிக்க வேண்டுமென்றால் கை கழுத்து நெடுக ஓட வேண்டும். ஓடியது. ஓர் இடத்தில் பிசகியது. பிசகினதைத் திருப்பி வாசித்தேன். அதில் பிசகவில்லை. பொட்டு சத்தம் போடவில்லை.

தூத்துக்குடிப் பையன் மட்டும் கை தட்டினான். பிறகு மற்றவர்களைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான். "நான் ரிதம் வாசிக்கேன் சார், அவங்க லீட் எடுக்கட்டும்" என்றான். அவன் பெயர் ஜோயல்.

குணசீலன் அண்ணன் சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அடுத்த பாட்டு" என்றார்.

முடிந்ததும் மாடிப்படியில் விரல்களைக் கண்ணால் பார்த்தேன். காயம் இல்லை. மும்தாஜ் என் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தாள். அவளுடைய பாட்டில் பக்கத்திலேயே நிரம்பி இருந்தது. "இப்படியெல்லாம் செஞ்சு காட்ட வேண்டாம்" என்றேன். "எனக்குத் தாகம்" என்றாள்.

செப்டம்பர் 4, வியாழன்

எதிர் வீட்டுக்காரி, உங்களுக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். அவள் கேட்டதுக்கே வருத்தப்பட்டாள் போலிருக்கிறது. இரண்டாவது தடவை சொல்வது சுலபம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்றுக் கச்சேரி.

மாதா கோயில் மைதானம் நிரம்பி இருந்தது. சப்பரம் சுற்றி வந்து நின்றதும் ஆறு மணிக்குத் தொடங்கினோம். ரூபஸ் முன் வரிசைக்குப் பக்கத்தில் கொத்தனார்கள் போட்டுவைத்த மணல்மேல் நின்றார். நாற்காலி கிடைக்கவில்லை என்றார். எல்லா நாற்காலியும் காலியாக இருந்தபோதே அங்கேதான் நின்றார்.

முதல் பாட்டுகள் நன்றாகவே போயின. வேகமான அந்த இடையிசையில் விரல் ஒரு தடவை நழுவியது. ஜோயல் பக்கத்திலிருந்து அதை மூடிக்கொடுத்தான். எதிரே கூட்டம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. விரலை யாரும் எண்ணவில்லை.

பாதியில் குழுவை அறிமுகம் செய்வது வழக்கம். குணசீலன் அண்ணன் மைக்கை எடுத்தார். "ட்ரம்ஸ், நம்ம இசக்கி." கைதட்டல். "பாட்டு, மும்தாஜ்." கைதட்டல். "ரிதம் கிட்டார், தூத்துக்குடி ஜோயல்." கைதட்டல். "கீபோர்டு, அடியேன் குணசீலன்." மைக்கை ஸ்டாண்டில் வைத்தார்.

பதினோரு வருடத்தில் என் பெயரை விட்டதில்லை. மறந்தாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கீபோர்டைப் பார்த்தார். மறக்கவில்லை.

அடுத்த பாட்டுக்கு இசக்கி குச்சியைத் தூக்கிவிட்டான். என்னைப் பார்த்தான். தூக்கின குச்சியை இறக்கி மடியில் வைத்தான்.

நான் நடந்து போய் மைக்கை எடுத்தேன். அதுவரை மேடையில் பேசினதே கிடையாது. என் குரல் ஸ்பீக்கரில் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

"லீட் கிட்டார், பிரிஸ்கில்லா ரூபஸ். பாளையங்கோட்டை."

மணல்மேலிருந்து ஒரு விசில் வந்தது. ரூபஸுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். பிறகு மைதானம் தட்டியது. எல்லோருக்கும் தட்டின அளவுதான். அது போதும். கூடுதலாகத் தட்டியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

மைக்கைத் திருப்பி வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்து பாட்டைத் தொடங்கினேன். குணசீலன் அண்ணன் அரை வரி பிந்தித்தான் சேர்ந்தார்.

முடிந்து வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து குணசீலன் அண்ணனிடம் தனியாகப் பேசினார். நான் கேபிளைச் சுற்றிக்கொண்டே காதைத் தீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் போனபிறகு அண்ணன் என் பக்கம் வந்து ஸ்பீக்கர் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அடுத்த மாசம் சாத்தான்குளத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். நீங்க வாரீங்களா?"

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணே" என்றேன்.

சரி, சரி என்று முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

ரூபஸ் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டார். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றபோது திரும்பிக் கேட்டார். "இதுக்குத்தானே இவ்வளவு சண்டை போட்ட. உடனே சரின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பதினோரு வருசம் நான் உடனே சரின்னுதான் சொல்லியிருக்கேன்" என்றேன். "இந்த வாரம் பூரா அவர் போனையே பாத்துக்கிட்டு இருக்கட்டும்."